புள்ளிக்குப் பின்னால்

கோபிசங்கரின் கடைசிச் செய்தி வந்து நாற்பத்தொன்பது மணித்தியாலம் கடந்திருந்தது.

வல்வெட்டித்துறைக் கரையில் அவனுடைய மனைவி சாருஜா, உதயகலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"அக்கா, ஆர் செய்தது எண்டு எனக்கு இப்ப தெரியவேண்டாம். அவர் எங்கை எண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. காத்து எழும்புதாம். ஒரு மணிக்குப் பிறகு படகு விடமாட்டினமாம்."

மணி ஒன்பது ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை.

உதயகலா பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்களைத் தேடிப் பிடித்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளிடம் வருகிற வேலைகள் பெரும்பாலும் இரண்டே வகை: காணாமற்போன காணி உறுதிப் பத்திரம், வெளிநாட்டு மாப்பிள்ளையின் மறைத்து வைத்த முதற் கலியாணம். கடலில் ஆள் தேடியது கிடையாது.

"வழக்கமாய் நாங்கள் தேடுற ஆக்கள் எங்களைக் கண்டால் ஓடுற ஆக்கள்" என்றான் ஜெனிஸ். அவளுடைய உதவியாளன், மோட்டார் சைக்கிள் சாரதி, கேட்காமலே கருத்துச் சொல்பவன். "இவையள் எங்களைக் காண ஆசைப்படுற ஆக்கள். ஆரம்பமே வித்தியாசமாய்க் கிடக்கு, அக்கா."

உதயகலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். 

சற்றுத் தள்ளி வலைவாடிக் கொட்டிலின் நிழலில் கமலாவதி உட்கார்ந்திருந்தார். கோபிசங்கரோடு கடலுக்குப் போன பொன்னம்பலத்தின் மனைவி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அழவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்தார், அவ்வளவுதான்.

கரையோரக் கடற்றொழிலாளர் சங்கத்தின் அலுவலகம் இரண்டு அறைகள். செயலாளர் தேவராசா ஒரு கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மனிதர் இரண்டு இரவு தூங்காதவர் என்பது கண்ணிலே தெரிந்தது.

"இதுதான் கலங்கரை. செயற்கை நுண்ணறிவு. படகுகளின்ரை செய்தி எங்கடை நம்பருக்கு வரும். இது வாசிச்சு, வரைபடத்திலை இடத்தைக் குறிச்சு, தேடப் போற படகுகளின்ரை போனுக்குப் பாதையை அனுப்பும். போறவை அம்புக்குறியைப் பாத்து ஓடுறதுதான். ரண்டு மாசமாய்ப் பாவிக்கிறம். இதுதான் முதலாவது ஆபத்துச் செய்தி."

"அதுக்கு முதல்?"

"ஆரபி எண்டொரு பிள்ளை கையாலை செய்தவள்."

செய்தி திரையில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது: *எஞ்சின் பழுது. நங்கூரம் போட்டாச்சு. ரண்டு பேர். 10.05 80.25.*

கோபிசங்கர் வானொலியில் சொன்னதைத் தொலைவில் போன நமசிவாயத்தின் பெரிய படகு கேட்டு, தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் அனுப்பிய செய்தி அது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளியின் கீழே அதே எண்கள்: 10.05, 80.25.

"பாத்தெழுதினது மாதிரி அப்பிடியே இருக்கு" என்றான் ஜெனிஸ்.

"மூண்டு தரம் படகிலை போய்ப் பாத்திட்டினம். சுத்தவரத் தேடினவை. கடற்படைக்கும் இதே வரைபடத்தைத்தான் குடுத்தனாங்கள். ஒரு மரத்துண்டுகூட இல்லை." தேவராசா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, செய்தியை மாத்தியிருக்கிறாள். உவள் ஆரபிதான். அவளிட்டை கடவுச்சொல் இருந்தது. வேலையாலை நிப்பாட்டேக்கை இந்த வாசலிலை நிண்டு என்ன சொன்னவள் தெரியுமோ? 'உந்த மெசினை நம்பி ஒருநாளைக்கு ஆக்களைக் கடலிலை விடப்போறியள்' எண்டவள். கேட்ட சாட்சியள் நாலு பேர்."

உதயகலா நமசிவாயத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தாள். அவர் கரையில்தான் இருந்தார். அனுப்பிய செய்தி இன்னும் அவருடைய தொலைபேசியில் இருந்தது. வாசிக்கச் சொன்னாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

"ஒருத்தரும் மாத்தேல்லை" என்றாள், தொலைபேசியை வைத்துவிட்டு.

தேவராசா கதிரையில் சரிந்தார். "அப்ப?"

எண் சரி. வரைபடம் சரி. நங்கூரம் போட்ட படகு நகராது. ஆனால் அங்கே படகு இல்லை. ஆள் ஒருவன் திருகுதாளம் செய்திருந்தால் அவனைப் பிடித்து உலுக்கலாம். இதில் உலுக்குவதற்கு ஒருவருமில்லை. உதயகலா தேவராசாவின் பக்கம் திரும்பினாள்.

"பழைய செய்தியள் எல்லாத்தையும் என்ரை போனுக்கு அனுப்புங்கோ. ஆரபியின்ரை விலாசமும் வேணும்."

"அவள் மாத்தேல்லை எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்?"

"மாத்தேல்லை. ஆனால் நடக்கப்போறதை முன்கூட்டிச் சொன்னவள். அது எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேக்கவேணும்."

அச்சுவேலிக்குப் போக இருபத்தைந்து நிமிடம். ஜெனிஸ் பதினேழில் போனான். வழியில் ஒரு மாட்டுக்கும் ஒரு பேருந்துக்கும் இடையில் புகுந்தபோது உதயகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா. மாடு என்னைக் கண்டு விலத்தும். பேருந்துதான் விலத்தாது."

ஆரபி பழச்சாற்றுப் போத்தல்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்தாள். ஞாயிறிலும் வேலை நடந்தது. இருபத்தாறு வயது. அவர்கள் யார் என்று சொன்னதுமே கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்த வேகத்தில் பக்கத்திலிருந்த இரண்டு போத்தல்கள் சரிந்தன.

"நேற்றிலை இருந்து ஆறு பேர் போன் எடுத்து ஏசிப்போட்டினம். ஏழாவது நீங்களோ? பொன்னம்பலம் மாமா என்னைத் தூக்கி வளத்த மனிசன். நான் ஏன் அவரைக் கடலிலை விடுறன்?"

"நீர் செய்யேல்லை எண்டு தெரிஞ்சுதான் வந்தனாங்கள்" என்றாள் உதயகலா. "அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

ஆரபியின் முகம் கொஞ்சம் இளகியது.

"அந்த மென்பொருள் செய்த லக்ஷன் வந்து ஒரு மணித்தியாலம் இருந்தவர். நாள் முழுக்க என்ன செய்யிறனீர் எண்டு கேட்டார். செய்தி வாசிக்கிறது, இடம் குறிக்கிறது எண்டன். ரண்டு வரியிலை எழுதினார். இன்னும் கனக்க இருக்கு, நான் சொல்லுறன் எண்டன். 'வேண்டாம், அது கெட்டிக்கார மெசின், தானாய் விளங்கிக்கொள்ளும்' எண்டார். எட்டு வருசம் நான் செய்த வேலை, அக்கா. ரண்டு வரி."

"அந்தக் கனக்கவிலை என்ன இருந்தது?"

"திடீரெண்டு கேட்டால்? எல்லாம் கை போன போக்கிலை செய்யிறது."

உதயகலா மணியைப் பார்த்தாள். பத்து ஐம்பது. தொலைபேசியில் கோபிசங்கரின் செய்தியை எடுத்து அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்ப இது உமக்கு வந்திருக்கு. முதலிலை என்ன செய்வீர்? சத்தமாய் வாசியும்."

"எஞ்சின் பழுது. நங்கூரம் போட்டாச்சு. ரண்டு பேர். பத்து அஞ்சு, எண்பது இருபத்தஞ்சு."

"திருப்பி வாசியும். எண்ணை மட்டும்."

"பத்து அஞ்சு. எண்பது இருபத்தஞ்சு."

"பூச்சியத்தை எங்கை விட்டனீர்?" என்றான் ஜெனிஸ். "பத்து தசம் பூச்சியம் அஞ்சு எண்டெல்லோ கிடக்கு. என்ரை கணக்கு வாத்தியார் கேட்டால் காதைத் திருகியிருப்பார்."

"கரையிலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

உதயகலா பழைய செய்திகளைத் திறந்து விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். 9.58. 80.41. 10.07. 80.33. 9.59. 80.12. இருநூறுக்கு மேற்பட்ட செய்திகள்.

"ஜெனிஸ், புள்ளிக்குப் பின்னாலை அறுபதோ அதுக்கு மேலையோ எங்கையாவது கிடக்கோ பார். எழுபது, எண்பது, தொண்ணூறு, எதெண்டாலும்."

மூன்று தலைகளும் ஒரு சிறிய திரைக்கு மேல் குனிந்தன. இயந்திரம் ஒன்று பின்னால் போத்தல்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை" என்றான் ஜெனிஸ் கடைசியில். "ஐம்பத்தொன்பதோடை நிக்குது. ஏன், அதுக்கு அங்காலை கடலிலை மீன் இல்லையோ?"

"அறுபதைத் தாண்டாத கணக்கு எது?"

"மணிக்கூடு" என்று பகடியாகச் சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான்.

ஆரபி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"அது நிமிசம்" என்றாள் விரல்களுக்கு இடையால். "ஒரு பாகைக்கு அறுபது நிமிசம். படகிலை இருக்கிற கருவி அப்பிடித்தான் காட்டும். அவையள் இடையிலை ஒரு புள்ளியைப் போட்டு அனுப்புவினம். பத்துப் பாகை அஞ்சு நிமிசம். எண்பது பாகை இருபத்தஞ்சு நிமிசம். அது எல்லாருக்கும் தெரியுமே அக்கா!"

"எல்லாருக்கும் தெரியும். மெசினுக்குத் தெரியுமோ? எண்பது தசம் இரண்டு ஐந்து எண்டால் எண்பது பாகையும் அதோடை காற்பாகையும். எத்தினை நிமிசம்?"

"பதினைஞ்சு." ஆரபி திரையைத் தன் பக்கம் இழுத்தாள். "பத்து நிமிசம் பிழை. பத்துக் கடல் மைல். அவை கிழக்கை கிடக்க, இவை மேற்கை தேடியிருக்கினம்."

செய்தியிலும் வரைபடத்திலும் ஒரே எண் இருந்ததால் எல்லோரும் சரி என்று நம்பினார்கள். இரண்டு இடத்திலும் அதன் பொருள் வேறு.

உதயகலா தேவராசாவை அழைத்தாள். அவர் முழுதாகக் கேட்டார். பிறகு மறுத்தார்.

"ஆரபியோ சொன்னவள்? பிள்ளை, இன்னும் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம் இருக்கு. கடலிலை அலை வெள்ளையாய் நுரைக்கத் தொடங்கீட்டுது. போற பெடியளையும் நான் பறிகுடுக்கேலாது. அவள்ரை பேச்சைக் கேட்டு விட்டன் எண்டு சொன்னால் ஒருத்தனும் படகை இறக்கமாட்டான். கலங்கரை மாத்திச் சொன்னால் விடுறன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"அப்ப அதைக்கொண்டு சொல்லுவிப்பம்" என்றாள் உதயகலா.

மருதனார்மடம் சந்தி ஞாயிற்றுச் சந்தை நெரிசலில் நிரம்பி வழிந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஆரபி தன்னுடைய ஸ்கூட்டியில் விடாமல் வந்தாள். ஆஞ்சநேயர் கோயிலுக்கு அருகே, ஒரு கடைக்கு மேல்மாடியில் லக்ஷனின் அலுவலகம். முப்பது வயதுக்காரன். அவனும் வெள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகள் காய்ந்து கிடந்தன.

"நான் எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்திட்டன்" என்றான் அவர்கள் கேட்குமுன்னே. "ஒரு பிழையும் இல்லை. அது குடுத்த எண்ணை அப்பிடியே குறிச்சிருக்கு."

"அதுக்குக் குடுத்த விளக்கத்தைக் காட்டும் தம்பி."

கலங்கரையிடம் பல கருவிகள் இருந்தன: செய்தி வாசிக்க ஒன்று, இடம் குறிக்க ஒன்று, பாதை அனுப்ப ஒன்று. ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், என்ன தரும் என்று எழுதிய குறிப்பை வாசித்துத்தான் அது அவற்றைப் பயன்படுத்தும். செய்தி வாசிக்கும் கருவிக்கு லக்ஷன் எழுதியிருந்தது ஒரே வரி: *படகு நிற்கும் இடத்தை எண்ணாகத் தரும்.*

"என்ன எண்ணாய்?" என்றாள் ஆரபி.

லக்ஷன் அவளைப் பார்த்தான். அவள் மூன்றே வசனத்தில் சொன்னாள். அவன் தான் எழுதிய ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"நான்... அதுக்கு விளங்கும் எண்டு..."

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை" என்றாள் உதயகலா. "புதிசாய் வாற கிளாக்கருக்கு இப்பிடி ஒரு எண்ணைக் குடுத்தால், இது எந்தக் கணக்கு எண்டு ஒருக்காவெண்டாலும் கேப்பான். மூண்டு தரம் தேடியும் படகு இல்லை. இது ஒண்டுமே கேக்கேல்லையோ? கேக்கிறதெண்டால் எங்கை கேக்கும்?"

லக்ஷன் திரையின் ஓரத்தை விரலால் தொட்டான்.  

"குறிப்பு எண்டொரு பெட்டி இருக்கு. செயலாளர்ரை திரையிலை அது தெரியாது. நீளமாய் எழுதிக் குழப்புது எண்டு சங்கத்திலை சொல்லிச்சினம். நான்தான் மறைச்சுவிட்டனான்."

"திறவும்."

திறந்தான்.

வெள்ளி, 8.41. *இந்த எண்கள் தசமப் பாகையா, பாகையும் நிமிடமுமா என்று கருவி விளக்கத்தில் இல்லை. தசமம் எனக் கொண்டு குறித்துள்ளேன். தயவுசெய்து உறுதிப்படுத்தவும். மற்றதாயின் படகு ஏறத்தாழப் பத்துக் கடல் மைல் கிழக்கே இருக்கும்.*

வெள்ளி, 15.20. *முதல் தேடலில் படகு இல்லை. மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.*

சனி, 7.10. *மறுபடி கேட்கிறேன். அடுத்த தேடலைக் கிழக்கே அனுப்பலாமா?*

ஜெனிஸ் மெல்லச் சொன்னான்: "எங்கள் எல்லாரிலும் ஒழுங்கான கிளாக்கர் இதுதான் அக்கா. கடிதம் போட்ட பெட்டிக்குத்தான் திறப்பில்லை."

லக்ஷன் தலையை மேசையில் கவிழ்த்தான். உதயகலா அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அழுறதெண்டால் பின்னேரம் அழும். மணி பதினொண்டு நாப்பது. இப்ப எழுதும். ஆரபி, நீர் சொல்லும்."

ஆரபி சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இரண்டு முறை அழித்து எழுதவேண்டியிருந்தது.

*படகுகள் அனுப்பும் இடம் பாகையும் நிமிடமும்; தசமம் அல்ல. முதலில் வருவது அகலாங்கு, அடுத்தது நெட்டாங்கு. புள்ளிக்கு முன்னால் பாகை, பின்னால் நிமிடம். உதாரணம்: 10.05 என்றால் பத்துப் பாகை ஐந்து நிமிடம். வரைபடத்தில் குறிக்குமுன் நிமிடத்தை அறுபதால் வகுத்துப் பாகையோடு கூட்டவும். நிமிடம் அறுபதோ அதற்கு மேலோ வந்தால் செய்தி பிழை, குறிக்கவேண்டாம்.*

"ஐமிச்சம் வந்தால் ஆரைக் கேக்கிறது எண்டும் எழுதுங்கோ" என்றாள் ஆரபி.

அவன் எழுதினான்: *சந்தேகம் இருந்தால் செயலாளரின் தொலைபேசிக்கு அழைக்கவும். பதில் வரும்வரை இரண்டு இடத்தையும் காட்டவும்.*

சேமித்தான். திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு சிவப்புப் புள்ளி கிழக்கே தாவி, வேறொரு கடலில் போய் உட்கார்ந்தது.

அடுத்த நிமிடமே உதயகலாவின் தொலைபேசி அடித்தது. தேவராசா.

"பிள்ளை, அது எனக்கே போன் எடுத்துக் கதைக்குது. கிழக்கை போகட்டாம்."

"போகச் சொல்லுங்கோ அண்ணை. இப்பவே."

பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டு படகுகள் இறங்கின.

அவர்கள் நால்வரும் வல்வெட்டித்துறைக்குத் திரும்பியபோது காற்று மணலை அள்ளிக் கால்களில் அடித்தது. ஒரு மணி. ஒன்றரை. சாருஜா சங்கத்து வானொலிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். 

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வானொலி இரைந்தது.

"கண்டிட்டம்! படகு கவிண்டு கிடக்கு. நங்கூரம் இன்னும் பிடிச்சிருக்கு. ஆள் ஒண்டு மேலை கிடக்குது. கை ஆட்டுது."

"ஒண்டோ?" என்றார் தேவராசா. "ரண்டு பேரெல்லோ?"

இரைச்சல். பிறகு: "ஒண்டுதான் அண்ணை."

சாருஜா எழுந்து வாசலில் கமலாவதிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த ஒரு ஆள் யார் என்று அறிய இன்னும் இரண்டு நிமிடம் எடுத்தது.

கோபிசங்கர்.

சாருஜா கத்தவில்லை. கமலாவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த அழுகையைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்கு அவனைத் தூக்கி வந்தார்கள். உதடு உப்பில் வெடித்திருந்தது. மருத்துவ வண்டியில் ஏற்றுமுன் கமலாவதி குனிந்து கேட்டார்.

"எப்ப தம்பி?"

"இண்டைக்குக் காலமை, மாமி. விடியத்தான் படகு கவிண்டது. மாமா என்னோடை கதைச்சுக்கொண்டே இருந்தவர். நல்லாய் வெயில் ஏறினாப் பிறகு... அவர்ரை கை விட்டிட்டுது."

ஒரு படகு பொன்னம்பலத்தைத் தேடி இன்னும் அங்கேயே நின்றது.

தேவராசா உதயகலாவை ஓரமாக அழைத்தார்.

"அறிக்கையிலை ஆர்ரை பிழை எண்டு எழுதப்போறியள்? மெசின் எண்டே எழுதிவிடுங்கோ பிள்ளை. அதுக்குப் பெண்டில் பிள்ளையள் இல்லை."

"மெசின் கேட்டது அண்ணை. நாங்கள்தான் காது குடுக்கேல்லை. அதைத்தான் எழுதுவன்."

"நாங்கள் எண்டால் ஆர்?"

அவள் பதில் சொல்லுமுன் லக்ஷன் அவர்களைக் கடந்து போனான். நேரே கமலாவதியின் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, என்ரை பேர் லக்ஷன். உந்தக் கலங்கரையைச் செய்தது நான். அதுக்கு ஒரு வரி எழுதாமல் விட்டிட்டன். அதாலைதான் படகுகள் பிழையான இடத்துக்குப் போனது. அது என்னட்டைக் கேட்டது. கேட்ட கேள்வியை ஒருத்தரும் காணாத இடத்திலை நான்தான் வைச்சிருந்தனான்."

கமலாவதி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப கேட்டது?"

"வெள்ளிக்கிழமை காலமை. எட்டு நாப்பத்தொண்டுக்கு."

"அப்ப அவர் உயிரோடை இருந்தவர்."

"ஓம் அம்மா."

கரையில் நின்றவர்களில் இரண்டு பேர் லக்ஷனை நோக்கி நகர்ந்தார்கள். ஜெனிஸ் குறுக்கே போய் நின்றான். கமலாவதி அதைக் கவனிக்கவேயில்லை.

"என்ரை மகன் வேறை படகிலை போறவன்" என்றார். "அவன்ரை படகுக்கும் இந்த மெசின்தானோ?"

"ஓம்."

"இப்ப அதிலை என்ன எழுதியிருக்கிறாய்? வாசி."

லக்ஷன் தொலைபேசியை எடுத்தான். படகுகள் அனுப்பும் இடம் பாகையும் நிமிடமும் என்று தொடங்கினான். இரண்டாவது வசனத்தில் நின்றுவிட்டான்.

"முழுக்க வாசி" என்றார் கமலாவதி. "எனக்கு விளங்கவேணும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தான்.